ஒரே பாதையில் ஆறு மாதம்: பினாங்குத் தமிழ் இளைஞர் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

இளைஞர் இயக்கங்கள், ஆலய இளைஞர் பிரிவுகள், பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் கழகங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறைகளில் நீங்கள் நடத்தும் இயற்கை முகாம்கள் குறித்து எழுதுகிறோம். தெலுக் பஹாங்கிலோ கொடிமலையிலோ இரண்டு நாள், ஒரு பேருந்து நிறைய மாணவர்கள், ஒரு காட்டு நடை, ஓர் உரை, சட்டை, சான்றிதழ். பிள்ளைகள் முதன்முதலாகக் காட்டுக்குள் கால் வைக்க இது நல்ல வழிதான். ஆனால், அழைப்பிதழில் ‘காட்டுயிர்க் கணக்கெடுப்புப் பயிற்சி’ என்று போட்டால் அந்தப் பெயருக்குரியதைக் கற்றுத்தர வேண்டும். அதை இரண்டு நாளில் கற்றுத்தர முடியாது. அந்த நிதியை வைத்துப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதம், மாதத்துக்கு இரண்டு காலை, ஒரே பாதையில் நடக்க வையுங்கள். இதுவே எங்கள் வேண்டுகோள்.

விலங்கைப் பார்த்துவிட்டால் மட்டும் கணக்கெடுத்ததாகிவிடாது. எவ்வளவு தூரம் நடந்து, எவ்வளவு நேரம் தேடி, எத்தனை பார்த்தோம் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அந்த எண்ணை அடுத்த மாதத்தோடும் அடுத்த ஆண்டோடும் ஒப்பிட முடியும். நாற்பது பேர் பேசிக்கொண்டே வரிசையாகப் போனால் லோத்தோங் எனப்படும் இலைக்குரங்குக் கூட்டம் முன்னதாகவே வேறு மரத்துக்குப் போய்விடும். அன்று தாளில் எழுதப்படும் எண் கூட்டத்தின் இரைச்சலைக் காட்டுமே தவிர, காட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

நேர்கோட்டு நடையில் தொடங்குவது நல்லது. ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள பாதை, ஒரு நடைக்கு இரண்டு அல்லது மூன்று பேர், மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகம். பழகாதவர்களுக்கு இந்த வேகம் எரிச்சலூட்டும், ஆனால் இதைவிட விரைந்தால் இலைகளுக்குள் அசையாமல் இருப்பவை தப்பிவிடும். பினாங்கில் பொழுது விடியவே ஏழு மணி தாண்டிவிடும் என்பதால் 7.15 அல்லது 7.30க்குப் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். விலங்கைக் கண்டதும் நேரம், இனம், எண்ணிக்கை, அது இருக்கும் தூரம், பாதைக்கும் அதற்கும் இடையிலான கோணம் ஆகிய ஐந்தையும் எழுத வேண்டும். 20 மீட்டர் தொலைவில் 30 பாகைக் கோணத்தில் இருந்தால், பாதையிலிருந்து அதன் செங்குத்துத் தூரம் 10 மீட்டர். நமக்குத் தேவை இந்தப் பத்துதான். தூரம் கூடக்கூட நம் கண்ணுக்குத் தப்புபவையும் கூடும். எவ்வளவு தப்புகின்றன என்பதை இந்தத் தூரங்களை வைத்துத்தான் கணிக்கிறார்கள். தூரம் எழுதாத தாளை வைத்து அடர்ந்த காட்டையும் திறந்த சாலையோரத்தையும் ஒப்பிடவே முடியாது.

பிழை பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. கண்ணளவில் தூரம் சொல்பவர் எல்லாவற்றையும் 10, 20, 50 என்று முழு எண்ணாக்கிவிடுவார். லேசர் தூரமானி இருந்தால் நல்லது. இல்லையென்றால் முதல் நாள் காலையில் அளவுநாடாவால் மரங்களை அளந்து ஒவ்வொருவரின் கண்ணையும் பழக்குங்கள். கோணத்தில் வரும் பிழை இன்னும் மோசமானது. முன்னால் தெரியும் விலங்குக்கெல்லாம் ‘சுழியம் பாகை’ என்று எழுதும் பழக்கம் வந்தால் எல்லாம் பாதைமேலேயே இருந்ததாகிவிடும்; கணிப்பில் அடர்த்தி, அதாவது ஒரு பரப்பில் எத்தனை விலங்கு என்ற எண், உண்மையைவிட மிக உயர்ந்து நிற்கும். விலங்கு முதலில் இருந்த மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, அதற்கு நேர் எதிரே பாதையில் போய் நின்று செங்குத்துத் தூரத்தை நேரடியாக அளப்பதே பாதுகாப்பான வழி. கூட்டமாக இருந்தால் முதலில் கண்ணில் பட்ட குட்டி வரைக்கும் அளக்கக் கூடாது, கூட்டத்தின் நடுப்பகுதிவரை அளக்க வேண்டும்.

நீள்வால் குரங்குகள் குறித்து ஓர் எச்சரிக்கை உண்டு. மனிதரிடம் உணவு வாங்கிப் பழகியவை நம்மை நோக்கி வரும். விலங்கு நம்மைக் கண்டு இடம் மாறுமுன் அதன் தூரத்தை அளக்க வேண்டும் என்பது இந்த முறையின் அடிப்படை. உல்லாசத் தலங்களுக்கு அருகில் அது உடைந்துவிடுகிறது. அங்கே அடர்த்தி கணிக்க முயல வேண்டாம், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை கூட்டம் என்று மட்டும் பதிவு செய்தால் போதும். பயிற்சி பெறுபவர்களிடம் இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஓரினத்தின் அடர்த்தியை நம்பிக்கையோடு கணிக்கக் குறைந்தது 60 முதல் 80 காட்சிகளாவது வேண்டும். பன்னிரண்டு நடைகளில் பெரும்பாலான இனங்களுக்கு அது கிடைக்காது. முதல் ஆண்டில் கிடைப்பது ஒப்பீட்டு எண் மட்டுமே. அதுவே பெரிய பேறு.

தண்ணீர்மலைப் பக்கம் பாதை எடுப்பவர்களுக்கு ஒரு சொல். தைப்பூச வாரத்து ஒலியும் விளக்கும் கூட்டமும் விலங்குகளின் நடமாட்டத்தை மாற்றக்கூடியவை. அந்த வாரம் நடக்கலாம், ஆனால் தாளில் அதைக் குறிப்பிட்டு, மற்ற வாரங்களின் சராசரியோடு சேர்க்காமல் வையுங்கள்.

அடுத்து தானியங்கிக் கேமரா. முகாம்களில் எல்லாரும் ஆசைப்படும் கருவி இது, மிக எளிதில் வீணாகும் கருவியும் இதுதான். மூசாங் (மரநாய்), முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி போன்றவற்றுக்கு முழங்கால் உயரம், அதாவது தரையிலிருந்து 30 முதல் 50 சென்டிமீட்டர், பொருந்தும். விலங்குத் தடத்திலிருந்து இரண்டு முதல் நான்கு மீட்டர் தள்ளி, வடக்கோ தெற்கோ பார்க்கக் கட்டுங்கள். கிழக்கு மேற்காக வைத்தால் தாழ்ந்த சூரியன் நேராக உணரியில் விழும். கேமராவுக்கு முன்னால் ஆடும் புல்லையும் இலையையும் மட்டும் விலக்குங்கள். வெயில் பட்டுச் சூடான ஓர் இலை ஆடினாலே ஆயிரக்கணக்கான வெற்றுப் படங்கள் பதிவாகி, பேட்டரியும் நினைவட்டையும் தீர்ந்துவிடும். இந்த உணரி நகரும் உடலுக்கும் பின்புலத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைத்தான் உணர்கிறது. நம் ஊர் நண்பகல் வெக்கையில் அந்த வேறுபாடு குறைவதால் சில விலங்குகள் பதிவாகாமலே கடந்து போகும். ஆகவே, பகலில் படமில்லை என்பதற்காகப் பகலில் விலங்கே வரவில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

சாதாரண அல்கலைன் பேட்டரிகளின் மின்னழுத்தம் படிப்படியாக இறங்குவதால் இரவு வெளிச்சம் மங்கும். லித்தியம் அல்லது மின்னேற்றத்தக்க நிக்கல் பேட்டரிகளே நல்லவை. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று வையுங்கள். மூடியின் ரப்பர் விளிம்பில் மண் ஒட்டியிருந்தால் மழைநீர் இறங்கும், எறும்பும் குடியேறும். கட்டி முடித்ததும் ஒருவர் கேமராவுக்கு முன்னால் தவழ்ந்து போய்ச் சோதிக்க வேண்டும், ஏனென்றால் நிமிர்ந்து நடக்கும் ஆளைப் பிடிக்கும் கேமரா மூசாங்கை விட்டுவிடலாம். பேட்டரி மாற்றும்போது சில கேமராக்களில் தேதி தொழிற்சாலைத் தேதிக்குத் திரும்பிவிடும். அதைக் கவனிக்காவிட்டால் அந்த மாதத்துப் படங்களின் நேரம் எதற்கும் பயன்படாது. நிலையத்தின் பெயர், தேதி, மணி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி முதல் படமாக எடுத்துவிட்டால் பிறகு திருத்தவாவது வழி இருக்கும்.

உழைப்பின் அளவைக் கேமரா-இரவு என்று கணக்கிடுகிறோம். ஆறு கேமரா, முப்பது இரவு என்றால் 180. அதில் ஒன்று பன்னிரண்டாம் இரவோடு நின்றுபோனால் கணக்கு 162. அதை 180 என்றே எழுதினால் விலங்கு குறைந்துவிட்டதாகப் பொய்யான முடிவு வரும். ஒரே பன்றி அடுத்தடுத்து நாற்பது படங்களில் நின்றாலும் அது நாற்பது வருகையாகாது. ஒரே இனம் அரை மணி நேரத்துக்குள் மீண்டும் வந்தால் ஒரே நிகழ்வாக எடுத்துக்கொள்வது வழக்கம். நடையர்களின் முகம் பதிவாகியிருந்தால் அந்தப் படங்களை அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பதிவுத்தாளுக்குப் பென்சில்தான். பேனா மை மழையில் கரைந்துவிடும். தொடங்கிய நேரம், முடித்த நேரம், மேகமூட்டம், காற்று, பார்த்தவர் பெயர் இவை இல்லாத தாளை ஏற்க வேண்டாம். ஒன்றும் பார்க்காத நாளில் தாளைக் கிழித்துப் போடுகிற வழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். ‘0’ என்று எழுதிய தாள்தான் நாளை ஓர் இனம் குறைந்ததற்கோ மீண்டதற்கோ சான்றாக நிற்கும். இடத்தைத் தசமப் பாகையில் எழுதச் சொல்லுங்கள். பினாங்கின் அகலாங்கு 5.4ஐ ஒட்டியும் நெட்டாங்கு 100.3ஐ ஒட்டியும் இருக்கும். இரண்டையும் மாற்றி எழுதினால் அப்படியோர் இடம் பூமியிலேயே இல்லை.

செபராங் பிறையில் இருக்கும் அமைப்புகள் மலையேறத்தான் வேண்டும் என்பதில்லை. தெலுக் ஆயர் தாவார் முதல் கோலமூடா வரையிலான சேற்றுக்கரை, வலசை வரும் கரைப்பறவைகளுக்குப் பேர்பெற்றது. கடல் ஏறிவரும்போது பறவைகள் கரைப்பக்கம் ஒதுங்கும். எண்ணுவதற்கு ஏற்ற நேரம் உச்ச நீரேற்றத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரம். பெருங்கூட்டத்தில் பத்துப் பறவைகளின் பரப்பைக் கண்ணில் பதிய வைத்து, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்தி எண்ணக் கற்றுக்கொடுங்கள். 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் தாள்கள் அதில் சேரலாம்.

முகநூலில் போடும் ஆசையைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறோம். மூராய் பத்து எனப்படும் பாடும் பறவையைக் கூண்டு வணிகத்துக்காகப் பிடிக்கிறார்கள். அது பாடும் இடத்தைப் படத்தோடு வெளியிடுவது, பிடிப்பவருக்கு வழிகாட்டுவதாகும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற உயிரினப் பதிவுத் தளங்களில் இடத்தை மறைத்துப் பதியும் வசதி உண்டு. பயிற்சியின் முதல் நாளே அதைக் காட்டுங்கள். எதையும் பிடிக்கவோ தூக்கவோ இந்தப் பயிற்சியில் இடமில்லை. பாதுகாக்கப்பட்ட உயிரினங்களை உரிமமின்றிப் பிடிப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இந்தத் தாள்களால் என்ன ஆகும் என்று உங்கள் செயலவையில் கேட்பார்கள். 2003இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்காவும் கொடிமலைக் காடுகளும் அடங்கிய 12,481 ஹெக்டரை யுனெஸ்கோ 2021இல் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. அத்தகைய காப்பகங்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்கிறார்கள். அதற்குள் ஒரே பாதையில், ஒரே முறையில் எடுத்த தொடர் பதிவு நம் இளைஞர்களிடமிருந்தும் போய்ச் சேர முடியும். தெலுக் பஹாங் சாலைக்கு மேல் 2019இல் லோத்தோங்குகளுக்காகத் தீயணைப்புக் குழாய்களால் ஒரு கயிற்றுப் பாலம் கட்டப்பட்டது. அடுத்த பாலம் எந்த இடத்தில் வேண்டும் என்பதை, சாலையில் அடிபட்ட விலங்குகளை வாரந்தோறும் அதே வழியில் பதிவு செய்யும் நாலு பேரால் சொல்ல முடியும்.

நடைமுறைக்கு வருவோம். செப்டம்பர், அக்டோபர் மழை கடுமையானது, ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடியுங்கள். தேசியப் பூங்காவுக்குள் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தானிடமும், காப்புக்காடுகளுக்கு மாநில வனத்துறையிடமும் எழுத்து வழி அனுமதி பெறாமல் ஒரு கேமராகூடக் கட்டக் கூடாது. விண்ணப்பத்தைச் சில மாதங்களுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். உங்கள் அமைப்பிலிருந்து இருவரை இப்போதே பொறுப்பாக்குங்கள்: ஒருவர் அனுமதிக் கடிதங்களுக்கு, மற்றவர் தாள்களைச் சேர்த்து அன்று மாலையே கணினியில் ஏற்றுவதற்கு. அந்த இரண்டு பெயர்களும் பாதையின் பெயரும் முடிவானால் பயிற்றுநர்களாக நாங்கள் வருகிறோம்.

அன்புடன்,
பினாங்கில் களப்பயிற்சி அளிக்கும் தன்னார்வலர்கள்