"எலக்ட்ரானிக் உதிரிபாகம்" என்று எழுதாதீர்கள்: சரக்கு முகவர்களுக்கும் இணைய விற்பனையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

விமானத்தில் ஏற்ற வரும் பெட்டியில் பேட்டரி இருக்கிறதா என்று கேட்டால், "எலக்ட்ரானிக் உதிரிபாகம்தான்" என்று பதில் வருகிறது. ஏர்வே பில்லிலும் (விமானச் சரக்குச் சீட்டு) அதுவே எழுதியிருக்கிறது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பவர் பேங்குகள். லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் நடுவானில் அதை முழுதாக அணைக்க வழியில்லை. தடுக்க வேண்டியதை உங்கள் பேக்கிங் மேசையிலேயே தடுத்தாக வேண்டும். அதனால்தான் இந்த மடலை விமான நிறுவனங்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

"விமானத்தில் தீயணைப்பு வசதி இருக்குமே" என்பீர்கள். இருக்கிறது. பயணிகள் விமானத்தின் கீழ்த்தளச் சரக்கறையில் ஹாலான் 1301 வாயுவைப் பாய்ச்சுவார்கள். அட்டையோ துணியோ எரிந்தால் அது அடக்கிவிடும். பேட்டரி செல் எரிவது வேறு வகை. உள்ளே நேர்முனையும் எதிர்முனையும் உரசாமல் பிரித்து வைத்திருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தாள். அது பாலிஎத்திலீன் என்றால் 130 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். பிறகு செல்லுக்குள் நடக்கும் வேதிவினையே வெப்பத்தைக் கூட்டுகிறது, கூடிய வெப்பம் வினையை இன்னும் வேகப்படுத்துகிறது. வெளிக்காற்று இல்லாமலே இது நடக்கும். ஹாலான் சுடரை அணைக்கும், செல்லைக் குளிர்விக்காது. சூடான செல் பக்கத்துச் செல்லைக் கிளப்பிவிடும், அது அடுத்ததை.

சுடர் அடங்கிவிட்டால் வேறொரு சிக்கல் முளைக்கிறது. செல் உமிழும் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்கள் எரியாமல் அறைக்குள் தேங்கும். அவை ஒருமுறை வெடித்தால் சரக்கறையின் அழுத்த விடுவிப்புப் பலகைகள் பெயர்ந்துவிடக்கூடும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் சோதனைகள் காட்டின. பலகை பெயர்ந்தால் ஹாலானும் கசிந்துபோகும். சரக்கு விமானங்களின் மேல்தளத்திலோ பெரும்பாலும் ஹாலானே கிடையாது. காற்றோட்டத்தை நிறுத்தி, அறையின் அழுத்தத்தைக் குறைத்துத் தீயை மட்டுப்படுத்துவதுதான் அங்கே உள்ள ஒரே வழி.

2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து புறப்பட்ட யுபிஎஸ் நிறுவனத்தின் யுபிஎஸ் 6 சரக்கு விமானத்தில் 81,000-க்கும் மேற்பட்ட லித்தியம் பேட்டரிகள் இருந்தன. தீ எச்சரிக்கை மணி அடித்த இரண்டரை நிமிடத்தில் விமானத்தின் அமைப்புகள் பழுதாகத் தொடங்கின. அரை மணி நேரத்துக்குள் விமானம் விழுந்து, விமானிகள் இருவரும் இறந்தார்கள். விசாரணை அறிக்கையில் நீங்கள் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: அபாயச் சரக்கு வகை 9 (லித்தியம் பேட்டரிகள் சேரும் வகை) என்று முறையாக அறிவிக்கப்பட்டிருக்க வேண்டிய பேட்டரிப் பொதிகள் குறைந்தது மூன்று அதில் இருந்தன. அப்படி அறிவிக்கப்படவில்லை.

இனி வேலைக்கு வருவோம். முதலில் வகை பிரிப்பு. அபாயச் சரக்குகளுக்கு ஐநா வகுத்த அடையாள எண்தான் யுஎன் எண். தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரி யுஎன் 3480. கருவியோடு சேர்த்துக் கட்டியதும், கருவிக்குள்ளேயே பொருத்தியதும் யுஎன் 3481. பவர் பேங்க் ஒரு கருவி என்று பலர் 3481 போடுகிறார்கள். அது தவறு. வேறொன்றுக்கு மின்சாரம் கொடுப்பதே அதன் வேலை, ஆகவே அது பேட்டரி, யுஎன் 3480. 2016 ஏப்ரல் 1 முதல் இந்த வகையைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக்கூடாது. ஓர் எண்ணை மாற்றிப் போட்டால் பயணிகளின் காலடியில் தடை செய்யப்பட்ட சரக்கு போய் உட்காரும்.

அடுத்து வாட்-மணிக் கணக்கு, அதாவது பேட்டரியில் அடங்கும் ஆற்றலின் அளவு. மில்லி ஆம்பியர்-மணியை செல்லின் வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுக்க வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட் என்றால் 74 வாட்-மணி. 30,000 என்றால் 111. நூறைத் தாண்டிய பேட்டரிக்கு விதிகள் கடுமையாகும், ஐநா முத்திரை பெற்ற பெட்டியில்தான் கட்ட வேண்டும். யுஎஸ்பி வெளியீட்டின் 5 வோல்ட்டை வைத்துப் பெருக்காதீர்கள், அது செல்லின் வோல்ட் அல்ல.

மூன்றாவதாக மின்னூட்ட அளவு. எங்களுக்கு அதிகக் கவலை தருவது இதுதான். யுஎன் 3480 பேட்டரிகள் அவற்றின் குறித்த கொள்ளளவில் 30 சதவீதத்துக்கு மேல் மின்னூட்டம் இல்லாமல்தான் பறக்க வேண்டும். 2026 ஜனவரி 1 முதல், கருவியோடு சேர்த்துக் கட்டும் 2.7 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரிகளுக்கும் இது கட்டாயம். 30 சதவீதத்தில் ஒரு செல் கெட்டாலும் பக்கத்துச் செல்லுக்குத் தீ பரவும் வாய்ப்பு பெரிதும் குறைகிறது, முழு மின்னூட்டத்தில் வரிசையாகப் பரவுகிறது. ஆனால் பல கிடங்குகளில் நடப்பது என்ன? வாடிக்கையாளர் பெட்டியைத் திறந்ததும் பொருள் ஓட வேண்டும் என்று கடைசிச் சோதனையில் முழுதாகச் சார்ஜ் ஏற்றி அப்படியே மூடுகிறார்கள்.

மல்டிமீட்டரில் வோல்ட் பார்த்து "முப்பதுதான் இருக்கும்" என்று ஊகிப்பதும் உதவாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லில் நடுப்பகுதி முழுக்க வோல்ட் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கும், 30-க்கும் 70-க்கும் வித்தியாசம் தெரியாது. சரியான வழி எளிது: தயாரிப்பாளர் சொன்ன கீழ் எல்லை வரை மின்னிறக்கம் செய்து, அங்கிருந்து அளந்து ஏற்றுங்கள். 2,500 மில்லி ஆம்பியர்-மணி செல்லுக்கு 0.5 ஆம்பியரில் ஒன்றரை மணி நேரம் ஏற்றினால் 750, அதாவது சரியாக 30 சதவீதம். இது உச்சவரம்பு என்பதால் கொஞ்சம் குறைவாகவே நிறுத்துங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் சில செல்களை எடுத்து மின்னிறக்கிச் சரிபார்த்து, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். பயந்துபோய்க் கீழ் எல்லைக்கும் கீழே வற்றடிக்காதீர்கள். உள்ளே செப்புத் தகடு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது குறுக்கு மின்சுற்றுக்கு வழி வைக்கும்.

பொத்தான் பேட்டரி போன்ற லித்தியம் உலோக வகைக்கு இந்த வசதியே இல்லை. அது முழுத் திறனோடுதான் பிறக்கிறது. தனியாக அனுப்பினால் யுஎன் 3090, 2015 முதலே பயணிகள் விமானச் சரக்கில் தடை.

கட்டும்போது ஒவ்வொரு பேட்டரியும் தனித்தனியாக முழுதாக மூடியிருக்க வேண்டும். முனைகள் ஒன்றையொன்றோ வேறு உலோகத்தையோ தொடக்கூடாது. தளர்வாகக் கொட்டிய செல்களோடு ஸ்க்ரூ பையைப் போட்டு மூடிய பெட்டிகள் வராமலில்லை. கருவிக்குள் இருக்கும் பேட்டரியானால் அழுத்தியதும் ஓடும் பொத்தான்களைப் பூட்டுங்கள். சூடாக்கும் கம்பி உள்ள கருவி பெட்டிக்குள் தானாக இயங்கினால் தீ வெளியிலிருந்தே தொடங்கும்.

வாங்கும் இடத்திலும் கண் வேண்டும். 18650 அளவு (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம்) உருளை செல்லில் 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சடித்திருந்தால் அது போலி. அந்த அளவில் நல்ல செல்லே 3,500 வாக்கில்தான் வரும். தராசில் வையுங்கள்: அசல் பெரும்பாலும் 45 கிராம் வாக்கில் இருக்கும், போலி பெரும்பாலும் லேசாக இருக்கும். ஐநா 38.3 சோதனைச் சுருக்கம் (பேட்டரி போக்குவரத்துப் பாதுகாப்புச் சோதனைகளில் தேறியதைக் காட்டும் தாள்) கேட்டால் தராத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். 2020 முதல் அதைத் தருவது அவர்கள் கடமை.

வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய பொருளில் பேட்டரி உப்பியிருந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, பாதுகாப்புக் குறையால் திரும்பப் பெறப்பட்ட வகையாக இருந்தாலோ அதற்கு விமானம் கிடையாது. எந்தப் பேக்கிங்கும் அதை ஏற்றத்தக்கதாக மாற்றாது. "லேசாகத்தான் உப்பியிருக்கு" என்ற பேச்சே வேண்டாம்.

முகவர்களே, பல பேரின் பெட்டிகளை ஒரே சரக்குப் பலகையில் (பேலட்) அடுக்குவது நீங்கள். முழுமையாக அறிவிக்க வேண்டிய தனி லித்தியம் பேட்டரிப் பொதிகளை எரியும் திரவங்களிலிருந்தும் எரிவாயுக்களிலிருந்தும் பிரித்து வைக்க விதி இருக்கிறது. 2011 ஜூலை 28 அன்று ஜேஜு தீவருகே கடலில் விழுந்த ஏசியானா 991 சரக்கு விமானத்தில் லித்தியம் பேட்டரிகளும் எரியும் திரவங்களும் இருந்தன. அறிவிக்காத பெட்டியைப் பிரித்து வைக்க உங்களாலும் முடியாது, ஏற்றுகிறவர்களாலும் முடியாது.

தவறாக எழுதிய பெட்டி ஏற்கெனவே கிடங்கை விட்டுப் போயிருந்தால் அபராதத்துக்குப் பயந்து பேசாமல் இருந்துவிடாதீர்கள். விமான நிறுவனத்தின் சரக்குப் பிரிவை உடனே கூப்பிட்டு ஏர்வே பில் எண், பெட்டிகளின் எண்ணிக்கை, பேட்டரி வகை, வாட்-மணி, மின்னூட்ட அளவு ஆகியவற்றைச் சொல்லுங்கள். பலகை விமானத்தில் ஏறாத வரை பெட்டியை இறக்கிவிட முடியும்.

இப்படிக்கு,
அபாயச் சரக்குக் கையாளும் பணியில் இருப்போர்