அப்பா மேசையில் பேசியது

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி வைத்திருக்கிறாயா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். கப்பலில் இணையத்துக்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். ஆகவே வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பாமல், முழுக் கடிதமாக எழுதிவைத்துக் கரையில் இறங்கும்போது அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இரவு நெடுநேரம் செய்தி பார்த்துக்கொண்டு விழித்திருக்காதே. உனக்கு வாய்த்திருப்பது அப்பாவின் கண்.

கிரேக்க நாட்டின் பிரீயஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்படும் முன்பே ஆபத்துக்கால ஒத்திகை நடந்தது. இப்போதெல்லாம் கேபினில் உள்ள தொலைக்காட்சியில் காணொளியைப் பார்த்துவிட்டு, நமக்குரிய கூடுமிடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் முடிந்துவிடுகிறது. மற்றவர்கள் அப்படித்தான் முடித்தார்கள். அப்பா மட்டும் கேபினிலிருந்து கூடுமிடம் வரை மாடிப்படி வழியாகவே நடந்துபோய், திரும்பும்போது வேறு படிக்கட்டில் வந்து, இரண்டு வழிகளையும் ஒரு தாளில் வரைந்து கதவின் உட்புறம் ஒட்டிவைத்தார். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜீலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்ததையும், அன்று மாலை ஏறிய பயணிகளுக்கு அதுவரை ஒத்திகையே நடந்திருக்கவில்லை என்பதையும், 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அப்போதைய விதி இடம் கொடுத்ததையும், 2015 முதல் அது மாறி, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று ஆனதையும் எங்களுக்குச் சொன்னவன் நீதான். நீ சொன்னபோது அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை என்று உனக்கு வருத்தம். தலை தூக்காவிட்டாலும் காது திறந்துதான் இருந்திருக்கிறது.

பிரீயஸில் கண்டெய்னர்கள் அடுக்கடுக்காக நின்றதைப் பார்த்ததும், இந்தத் துறைமுகத்தின் பெரும்பங்கு சீன அரசு நிறுவனமான காஸ்கோவிடம் இருக்கிறது என்று அவரே ஆரம்பித்தார். கிரேக்க நாடு கடன் நெருக்கடியில் தவித்து 2016-இல் 51 சதவீதத்தைக் கொடுத்தது. 2021-இல் அது 67 சதவீதமாயிற்று. கடன்பட்ட நாடு விற்கத்தான் வேண்டும் என்பது அவர் கட்சி. வாசற்கதவை விற்றுவிட்டு அந்த வீட்டிலேயே எத்தனை நாள் குடியிருப்பது என்பது என் கட்சி. இருவரும் அவரவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு டெக்கில் நின்றோம். இடையில் புகுந்து, இரண்டு பேரும் தவறு என்று சொல்ல ஆளில்லாததால் அந்த விவாதம் சீக்கிரமே வற்றிப்போயிற்று.

கப்பலைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் கேபினைச் சுத்தம் செய்ய வரும் பையனுக்கு உன் வயதுதான் இருக்கும். அவன் சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் பெயரும், பெயருக்குக் கீழே நாட்டின் பெயரும் இருக்கின்றன. ஊழியர் எல்லாருக்கும் அப்படித்தான். எந்த நாட்டுக்காரர் என்று மார்பில் எழுதிக்கொள்ள வேண்டிய கட்டாயம் பயணிகளில் ஒருவருக்கும் இல்லை. எட்டு மாத ஒப்பந்தமாம். 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, ஓய்வு நேரத்தைக் கணக்கிடும் முறையில் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், 7 நாளில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும். கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் 77-ஐக் கழித்துப் பார், 91 வருகிறது. சட்டத்தை மீறாமலேயே ஒரு மனிதனிடம் வாரம் 91 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்றால், அந்தச் சட்டத்தை யார் யாரோடு உட்கார்ந்து எழுதினார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. கணக்குப் போட்டது நான். ஆனால் இந்த மாதிரிக் கணக்குப் போடும் புத்தி உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

கப்பல் ஒவ்வொரு துறைமுகத்திலும் கட்டப்பட்டதும், அந்நேரம் வேலை இல்லாத ஊழியர்கள் ஊரைப் பார்க்கப் போவதில்லை. முனையக் கட்டடத்தின் சுவரோரமாக, இலவச இணைப்பு கிடைக்கும் இடத்தில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். எங்கள் கேபின் பையன் சைப்ரஸின் லிமாசோலில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். திரையில் அவன் அம்மா தெரிந்தார். 91 மணி நேரம் உழைப்பவனுக்கு அதற்கு நேரம் இருக்கிறது. நான் எதையும் குத்திக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. அத்தைக்கு நீ நீளமாக எழுதியிருக்கிறாய் என்று அத்தையே சொன்னாள், சந்தோஷம்தான். யாருக்காவது எழுதுகிறாயே.

ஊழியர்களுக்கான அன்பளிப்புத் தொகையைப் பயணிகளின் கணக்கில் தினந்தோறும் தானாகவே சேர்த்துவிடுகிறார்கள். எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்காரும் ஒரு பெரியவர், தான் சேவை மேசைக்குப் போய் அதை நீக்கிவிட்டு வந்ததைச் சாமர்த்தியம்போலச் சொன்னார். சம்பளத்தை நிறுவனம் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, அதற்கேற்ற விலையைப் பயணச்சீட்டிலேயே போட வேண்டும் என்பதுதான் என் எண்ணமும். ஆனால் நிறுவனத்தின் மேல் உள்ள கோபத்தை அந்தப் பையனின் பையிலிருந்து எடுப்பது எந்த ஊர் நியாயம்? நான் வாயைத் திறக்கப் போனேன். அப்பா மேசைக்கடியில் என் காலை மிதித்தார். உல்லாசக் கப்பலில் மேசைக்கு வரும்போது அரசியலை வெளியில் விட்டுவிட வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். அப்பாவுக்கு அந்தச் சட்டம் எவ்வளவு பிடித்தமானது என்று உனக்குத் தெரியும். அத்தை முன்னால் அன்று அவர் உன்னிடம் சொன்னதும் ஏறக்குறைய அதுதானே.

இதன் பிறகு நடந்ததைத்தான் நான் எழுத வந்தேன். மால்டாவில் வல்லெட்டாவின் கோட்டைகளைப் பற்றியும் எழுத வேண்டும், அது இருக்கட்டும்.

லிமாசோலிலிருந்து கிளம்பிய இரவு, அதே பெரியவர், கடல் கடந்து படகில் வருகிறவர்களைப் பற்றிப் பேச்செடுத்தார். அவர்களைக் கண்டால் கப்பல்கள் பேசாமல் தன் வழியில் போய்விட வேண்டும், காப்பாற்றுவதால்தான் மேலும் வருகிறார்கள் என்றார். மேசையில் சிலர் தலையாட்டினார்கள். அப்பா கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். நான் அவர் காலை மிதிக்கத் தயாரானேன். அதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார். 2014 செப்டம்பரில் இதே கடலில், புயலில் தத்தளித்த ஒரு சிறு படகிலிருந்து ஏறத்தாழ 345 பேரை, பெரும்பாலும் சிரியாவிலிருந்து தப்பி வந்தவர்களை, சலாமிஸ் ஃபிலோக்ஸெனியா என்ற உல்லாசக் கப்பல் ஏற்றிக்கொண்டு இதே லிமாசோலுக்குக் கொண்டுவந்தது என்றார். வந்தவர்களில் பெரும்பாலோர் தங்களை இத்தாலிக்குக் கொண்டுபோகச் சொல்லிப் பல மணி நேரம் இறங்க மறுத்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னார். இறங்க மறுத்தது சரியா தவறா என்று கரையில் நின்றுகொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடலாம், ஆனால் தண்ணீரில் இருப்பவனைத் தூக்குவதா வேண்டாமா என்பதில் வாதத்துக்கே இடமில்லை, டைட்டானிக் மூழ்கியதற்குப் பின் 1914-இல் பிறந்த, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் வழிவந்த இன்றைய சட்டம், ஆபத்தில் இருப்பவர் எந்த நாட்டவர் என்று பார்க்காமல் உதவிக்குப் போகும் கடமையைக் கேப்டன்மேல் வைத்திருக்கிறது என்றார்.

பெரியவர் விடவில்லை. எங்கள் நாட்டுக் கப்பலுக்கு எங்கள் நாட்டின் நலன்தான் முதலில் என்றார். அப்பா சிரித்தார். "இந்தக் கப்பல் உங்கள் நாட்டுடையது என்று யார் சொன்னது? பின்புறம் போய்ப் பாருங்கள், நாசாவ் என்று எழுதியிருக்கிறது. முதலாளி ஒரு நாட்டில் இருப்பார், கப்பலைப் பஹாமாஸில் பதிவு செய்வார், ஊழியர்களை வேறு பத்து நாடுகளிலிருந்து எடுப்பார், பயணிகளை இன்னும் பல நாடுகளிலிருந்து ஏற்றுவார். வரியும் கூலிச் சட்டமும் எங்கே இலகுவோ அங்கே போய்க் கொடி வாங்கிக்கொள்ள முதலாளிக்கு உரிமை உண்டு; உயிர் பிழைக்க எங்கே முடியுமோ அங்கே போக மனிதனுக்கு மட்டும் உரிமை கிடையாதா?" என்று கேட்டார்.

தம்பி, இது யாருடைய பேச்சு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பயணச்சீட்டு வாங்கிய அன்று அவர் உன் வாயை அடைத்தது இந்தப் பேச்சுக்குத்தான். சொல் மாறவில்லை, வரிசைகூட மாறவில்லை. கடைசியில், "என் மகன் இதைப் பற்றி நிறையப் படித்தவன்" என்று வேறு சேர்த்துக்கொண்டார். மறுநாள் அந்தப் பெரியவரும் மனைவியும் வேறு மேசைக்கு மாறிவிட்டார்கள். அதில் அப்பாவுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

இதை நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. கேபினுக்குத் திரும்பியதும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போனை எடுத்து, உன் பெயர் இருக்கும் பக்கத்தைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிவைத்தார். அது இரவு நேரம் என்பதால் இணைப்பு இல்லை என்று நினைத்தேன். பகலிலும் அப்படித்தான் செய்கிறார். நீ செய்தி பார்த்துக்கொண்டு விழித்திருக்கும் அதே நேரத்தில் அவரும் விழித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். தூங்கு.

அவர் முழுவதுமாக உன் பக்கம் வந்துவிட்டார் என்று எண்ணிவிடாதே. சான்டோரினியில் உல்லாசக் கப்பல் பயணிகளை நாளொன்றுக்கு 8,000 பேர் என்று வரையறுத்திருக்கிறார்கள். 2025 ஜூலை முதல் நெரிசல் பருவத்தில் தலைக்கு 20 யூரோ தீர்வையும் உண்டு. கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகும் டெண்டர் படகில் இறங்கி, கேபிள் காருக்கு நின்ற வரிசையைப் பார்த்தபோது, இந்தத் தீவுக்காரர்கள் இதை முன்பே செய்திருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. அப்பாவுக்குக் கோபம். பணக்காரர்கள் மட்டும் வந்த காலத்தில் யாரும் கூட்டம் என்று சொல்லவில்லை, ஆயுள் முழுக்கச் சேர்த்துவைத்து ஒருமுறை பார்க்க வருகிறவனைக் கண்டதும் கதவைச் சாத்துகிறார்கள் என்கிறார். அதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் தீர்வையைவிட எண்ணிக்கை வரம்பு மேல் என்று நான் சொல்கிறேன். தீர்வை பணப்பையைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கும், வரம்பு அப்படிச் செய்யாது. அவர் இதை ஏற்கவில்லை. நான் சொன்னால் ஏற்க மாட்டார்.

நாளை மறுநாள் காலை எட்டு மணிக்கு இத்தாலியின் ரவென்னாவில் இறங்குகிறோம். சீட்டில் வெனிஸ் என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸின் நடுவிலுள்ள சான் மார்கோ சதுக்கத்துக்கு முன்னால் போகக் கூடாது என்று இத்தாலி தடுத்துவிட்டதால், வெனிஸ் என்று விற்றதை ரவென்னாவில் இறக்கி, அங்கிருந்து பேருந்தில் கூட்டிப்போகிறார்கள். அப்பா இதையும் அரசாங்கத்தின் அராஜகம் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். 2019-இல் ஒரு பெரிய கப்பல் அங்கே கட்டுப்பாடு இழந்து, துறைமேடையிலும் ஒரு சுற்றுலாப் படகிலும் மோதியதை அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

அமெரிக்காவின் கீ வெஸ்ட் ஊர் விஷயமும் அவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் நீ சொல்லியிருக்கிறாய். 1,300 பேருக்கு மேல் கொள்ளும் கப்பல் வேண்டாம், நாளொன்றுக்கு 1,500 பேருக்கு மேல் இறங்க வேண்டாம் என்று 2020-இல் அந்த ஊர் மக்கள் 60 சதவீதத்துக்கும் மேல் வாக்களித்தும், மறு ஆண்டே ஃபுளோரிடா மாநிலச் சட்டம் அந்த வாக்கெடுப்பைச் செல்லாததாக்கியதே, அதைச் சொல்கிறேன். ஊர்க்காரன் பேச்சு செல்லுமா, மேலே இருப்பவன் பேச்சு செல்லுமா என்று கேட்டால் அப்பா என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டால் சண்டையாகிவிடும். நீ கேட்டால் வேறு மாதிரி இருக்கலாம்.

எட்டரை மணிக்குள் அவருடைய போனில் கரை நெட்வொர்க் வந்துவிடும். என் எண்ணில் அழைக்காதே. என் போனில் அன்று சார்ஜ் இருக்காது.

அன்புடன்,
அம்மா