கையில் ஏற்றிக் காட்டாதீர்கள்: டாரன்டுலா விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடைக்கார அண்ணன்களுக்கு, வணக்கம்.

வாங்க வருபவரின் உள்ளங்கையில் டாரன்டுலா என்ற முடி அடர்ந்த பெரிய சிலந்தியை இறக்கிவிட்டு, "சும்மா பிடிங்க, ஒண்ணும் செய்யாது" என்கிறீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்தச் சிலந்தியின் கடியால் மனிதர் யாரும் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை, சரி. ஆனால் எல்லா இனமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லி விற்க வேண்டாமா?

சிலி ரோஸ் மாதிரி அமெரிக்கக் கண்டத்து இனங்கள் கடித்தால் பெரும்பாலும் குளவி கொட்டிய அளவு வலிதான். அவற்றிடம் பயப்பட வேண்டியது வயிற்று முடிக்கு. மிரண்டால் பின்னங்காலால் வயிற்றைப் பரபரவென்று தேய்த்து, பொடிப்பொடியான முள்முடிகளைக் காற்றில் பறக்கவிடும். தோலில் பட்டால் அரிப்போடு போய்விடும். கண்ணில் பட்டால்? இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தொட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒருவரின் கருவிழியில் அவை குத்தி நின்றதை லான்செட் மருத்துவ இதழ் 2010-ல் வெளியிட்டது. நுண்ணிய இடுக்கியால்கூட எடுக்க முடியவில்லையாம்.

இந்தியாவிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழும் போசிலோதீரியா வகைக்கு அந்த முடியே கிடையாது. ராமேஸ்வரம் பக்கத்துப் புளியமரங்களில்கூட ஓர் இனம் உண்டு, அதுவும் அழிவின் விளிம்பில். மின்னல் வேகத்தில் ஓடும், மூலையில் மாட்டினால் கடிக்கும். கடி பட்டவருக்கு உடம்பெல்லாம் தசை இழுத்துப் பிடிக்கும். சிலருக்கு அது நாள்கணக்கில் நீடிக்கும், அடங்கியபின் திரும்பவும் வரும். இதற்கென்று விஷமுறிவு மருந்து இல்லை. வலிக்கும் தசைப்பிடிப்புக்கும்தான் மருந்து கொடுப்பார்கள்.

சிலந்திக்கும் இதில் நன்மை இல்லை. அதற்கு உங்கள் கையும் ஒரு கிளையும் ஒன்றுதான், பாசமெல்லாம் கிடையாது. இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு வெடித்துச் செத்துப்போகலாம்.

அதனால் இடம் மாற்ற ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் ஓவியத் தூரிகையும் போதும் என்று சொல்லிக் கொடுங்கள். முன்கால்களைத் தூக்கிப் பல்லைக் காட்டினால் மூடியை மூடிவிடச் சொல்லுங்கள். ரசீதில் இனத்தின் பெயரை எழுதுங்கள். கடித்தால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பெயர் எழுதத் தயங்குபவர்களும் இருக்கலாம். 2021 ஜூலையில் போலந்திலிருந்து வந்த ஒரு பார்சலில், சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்த 107 சிலந்திகளைச் சென்னைச் சுங்கத்துறை பிடித்தது நினைவிருக்கும். அப்படி அனுமதியில்லாமல் வந்த சரக்கு என்றால் விற்கவே விற்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்