மைதா என்று நான் சொல்லவில்லை, அண்ணே

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். தை மாதம் என் தங்கை மகள் கல்யாணத்துக்கும் உங்களையே சமையலுக்குப் பேசியிருப்பதாக மச்சான் சொன்னார். கேட்டதிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. இரண்டு முறை கும்பகோணத்துக்குப் பஸ் ஏறினேன். முதல் முறை நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது தைரியம் போய் இறங்கிவிட்டேன். இரண்டாம் முறை உங்கள் தெருமுனை வரை வந்து திரும்பினேன். ஆவணி மாதம் மண்டபத்தின் கொல்லைப்புறத்தில், உங்கள் ஆட்கள் அத்தனை பேர் முன்னிலையில், உங்களை வாய்க்கு வந்தபடி பேசினேன். நாலு பேர் பார்க்கப் பேசியதற்கு நாலு பேர் பார்க்கத்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதனால் இதை எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். உங்கள் மகன் செல்பேசியில் படித்துக் காட்டுவார் என்று நம்புகிறேன்.

அன்று விடியற்காலையில் கோட்டையடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது வந்து கேட்டேன். "என் மகளுக்குக் கோதுமை ஆகாது. சாம்பாரில் கோதுமை ஏதும் சேராதே?" நீங்கள் நிமிர்ந்து பார்த்து, "சாம்பாரில் கோதுமைக்கு என்ன வேலை, தம்பி?" என்றீர்கள். உங்களுக்குத் தெரிந்தவரை அந்தப் பதிலில் பொய் இல்லை. இரண்டாம் பந்திக்குச் சாம்பார் நீர்த்துப் போனது. அரிசி மாவு தீர்ந்திருந்ததால் உங்கள் ஆள் ஒருவர் மைதாவைக் கரைத்து ஊற்றினார். என் மகள் உட்கார்ந்தது அந்தப் பந்தியில். மூன்று மணிக்கு வாந்தி தொடங்கியது. நான்கு நாள் அவள் எழுந்திருக்கவில்லை. நான் அடுப்படிக்கு வந்து கத்தியபோது நீங்கள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னீர்கள்: "கோதுமை என்றுதானே சொன்னீர்கள். மைதா என்று சொல்லவில்லையே."

அன்றைக்கு அது சாக்காகப் பட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "மைதா மரவள்ளிக் கிழங்கு மாவுதானே?" மூன்று வருடமாகப் பேத்திக்குப் பத்தியம் பார்த்துச் சமைத்துப் போடும் என் அம்மாவே கேட்ட கேள்வி அது. மைதாவைச் சமையலறைப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று சொல்லியிருந்தோம், அவரும் கொண்டுவரவில்லை. ஆனால் அது கோதுமைதான் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நம் ஊரில் கோதுமை என்றால் சப்பாத்தி மாவு, அவ்வளவுதான். ரவை வேறு டப்பா, மைதா வேறு டப்பா, சேமியா வேறு பொட்டலம். ஒரே தானியம் நான்கு பெயரில் நான்கு இடத்தில் இருக்கிறது. நான் உங்களிடம் நான்கு பெயரையும் சொல்லியிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மீதி மூன்றையும் நீங்களே தெரிந்துகொள்வீர்கள் என்று இருந்தது என் தவறு. இதற்காகத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

நோயைப் பற்றியும் உங்களுக்குச் சொல்லவேண்டும். சீலியாக் என்று பெயர். கோதுமையிலும் வாற்கோதுமை என்கிற பார்லியிலும் குளூட்டன் என்றொரு புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவைப் பிசைந்தால் இழுவையாக வருகிறதே, அந்த இழுவையே அதுதான். இந்த நோய் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்கும். சிறுகுடலின் உள்சுவரில் நாற்றங்கால் போல நெருக்கமாக நிற்கும் குடலுறிஞ்சிகள்தான் உணவின் சத்தை இழுத்துக்கொள்கின்றன. அவை மழையில் சாய்ந்த சம்பாப் பயிர் போலப் படுத்துவிடும். பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து உடம்பில் ஒட்டாது. கோதுமையை அடியோடு நிறுத்தினால் அவை மெல்ல மெல்ல மறுபடி எழும். இதற்கு வேறு மருந்து கிடையாது. பத்தியம் ஒன்றுதான், அதுவும் ஆயுள் முழுவதும்.

என் மகளுக்கு ஆறு வயதில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் இரண்டு வருடம் வயிறு உப்பலாகவும் கை கால் குச்சியாகவும் இருந்தாள். பூச்சி மருந்து கொடுத்தோம். இரும்புச்சத்து டானிக் பாட்டில் பாட்டிலாகக் கொடுத்தும் ரத்தசோகை தீரவில்லை. இந்த நோய் வட இந்தியாவில் அதிகம், நம் பக்கம் குறைவு. அதனால் சோறு தின்னும் வீட்டுப் பிள்ளைக்கு இது இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் ஒரு டாக்டர், "வீட்டில் ராத்திரி என்ன சாப்பாடு?" என்று கேட்டார். அப்பாவுக்குச் சர்க்கரை வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ராத்திரி சப்பாத்திதான். ரத்தத்தில் டிடிஜி (tTG) பரிசோதனை செய்தார்கள், இந்த நோய் இருந்தால் ஏறி நிற்கும் அளவு அது. பிறகு எண்டோஸ்கோப்பி வைத்துக் குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். பெயர் தெரிந்துவிட்டது. (இதைப் படிக்கும் வேறு யாருக்காவது சந்தேகம் இருந்தால் ஒன்று சொல்கிறேன்: பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டுப் பார்த்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரக்கூடும். பெற்றோருக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் பார்ப்பது அவசியம். என் மகனுக்குப் பார்த்தோம், இல்லை.)

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நம் பக்கத்தில் கோதுமை என்பது பத்திய உணவு. என் பாட்டி ஏகாதசிக்கும் அமாவாசை ராத்திரிக்கும் அரிசியைத் தொடமாட்டார், ரவை உப்புமாதான். அதைப் 'பலகாரம் பண்ணுகிறேன்' என்பார். காய்ச்சல் வந்தால் ரொட்டியும் பன்னும். ஆஸ்பத்திரியில் படுத்தவரைப் பார்க்கப் போனால் மால்ட் கலந்த சத்துப்பான பாட்டில், அதில் கோதுமையும் உண்டு, வாற்கோதுமையும் உண்டு. மகள் மெலிய மெலிய இவற்றையெல்லாம் அள்ளி அள்ளிக் கொடுத்தோம். வயிறு வலிக்கிறது என்று அழுத பிள்ளைக்குப் பாலில் பிஸ்கெட்டை நனைத்து என் கையாலேயே ஊட்டியிருக்கிறேன்.

இந்த நோய்க்குக் காரணம் கோதுமைதான் என்று உறுதிசெய்தவர் நெதர்லாந்தில் இருந்த டிக்கே என்ற குழந்தை மருத்துவர். 1930களிலேயே அவருக்குச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், போரின் நடுவே அங்கே பெரும் பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமல் போனது. ஊரே பட்டினியில் வாடியபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். டாக்டர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் வயல்தான் நினைவுக்கு வந்தது. ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய விதைத் திருவிழாவில் இரண்டு கிலோ தூயமல்லி விதைநெல் வாங்கி, சொன்னபடி மறு வருடம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுத்தவன் நான். பிள்ளைக்கு வேண்டிய மருந்து என் பத்தாயத்திலேயே இருந்தது.

நெல்லில் குளூட்டன் இல்லை. கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, வரகு எதிலும் இல்லை. இட்லி, இடியாப்பம், கொழுக்கட்டை, புட்டு, ஆடிப்பெருக்குக்குக் காவிரிக் கரையில் பிசையும் காப்பரிசி எல்லாம் அவள் சாப்பிடலாம். நீங்கள் காலைப் பந்திக்கு வைக்கும் கடப்பாவும் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும்தான். இவ்வளவு இருக்கும் மண்ணில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டம் பெருங்காயத்தில் இருக்கிறது, அண்ணே.

பெருங்காயம் ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் வளரும் ஒரு செடியின் வேர்ப் பால். அதை அப்படியே போட்டால் நெடி தாங்காது என்பதால் கோந்தும் மாவும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா. கட்டியானாலும் தூளானாலும் இதே கதைதான். டப்பாவின் பின்புறம் சிறிய எழுத்தில் போட்டிருக்கும், நாம் படிப்பதில்லை. மகளுக்குச் சப்பாத்தியையும் பிஸ்கெட்டையும் நிறுத்தி ஆறு மாதம் கழித்தும் டிடிஜி அளவு சரியாக இறங்கவில்லை. என் மனைவி ஒருநாள் அலமாரியில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் இறக்கி வெளிச்சத்தில் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவள், பெருங்காய டப்பாவில் வந்து நின்றாள். சாம்பார், ரசம், வடை, ஊறுகாய், அப்பளம், மோர் என்று தஞ்சாவூர்ச் சமையலில் பெருங்காயம் சேராத பண்டம் எது? தினமும் துளித்துளியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. அதற்கு மாறிய பிறகு அடுத்த பரிசோதனையில் அளவு நன்றாக இறங்கியது.

அடுத்தது மாவு மில். எங்கள் ஊர் மில்லில் கோதுமைக்கும் அரிசிக்கும் ஒரே இயந்திரம். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருந்தால் என் அரிசி மாவின் முதல் படி முழுக்க அவருடைய மாவு கலந்துதான் விழும். அதனால் அரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி வீட்டு மிக்சியிலேயே இடித்துச் சலித்துக்கொள்கிறோம். கடையில் வாங்கும் கேழ்வரகு சேமியாவில் மைதா கலந்திருக்கிறது, கேழ்வரகு பிஸ்கெட்டிலும் அப்படித்தான். பெயரை நம்பி எதையும் வாங்குவதில்லை. பொட்டலத்தில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம்.

"ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாது" என்று போளியைப் பிட்டுக்கொண்டு வரும் சித்திகளும் பெரியம்மாக்களும் எல்லாக் கல்யாணத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் அன்பை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் தொடர்ந்து உள்ளே போனால் குடல் மறுபடி கெடுகிறது என்று ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். அரை கிராம் மைதாவில் ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது. இரண்டு விரலால் கிள்ளினால் வருகிற மாவு அது. சிலருக்கு வாந்தி வரும், வயிறு போகும். சிலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது, உள்ளே மட்டும் கெட்டுக்கொண்டிருக்கும். எனக்கு அந்த இரண்டாவது வகைதான் அதிக பயம்.

இதற்குப் பயந்து இதுவரை எல்லா விசேஷத்துக்கும் டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு போனோம். ஆவணிக் கல்யாணத்தில்தான் முதல்முறையாக அவளைப் பந்தியில் உட்காரவைத்தேன். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். இப்போது ஒன்பது வயதாகிறது. தை மாதக் கல்யாணத்தில் நான் தாய்மாமன், சீர்வரிசைத் தட்டோடு முன்னால் நிற்கவேண்டியவன். அவள் அன்றைக்கு மாடி அறையில் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது.

தனிச் சமையல் கேட்கவில்லை, அண்ணே. பெருங்காயத்தையும், சாம்பார் நீர்த்தால் கரைத்து ஊற்ற அரிசி மாவையும் கல்யாணம் முழுவதற்கும் நானே கொண்டுவந்து தருகிறேன். முதல் ஈடு வடையைப் புது எண்ணெயில் போட்டு நாலு மட்டும் எடுத்துவைத்தால் போதும். பூரியும் போண்டாவும் பொரித்த எண்ணெய் அவளுக்கு ஆகாது. கேசரிக்கும் சேமியா பாயசத்துக்கும் போட்ட கரண்டி சோற்றுக்கும் குழம்புக்கும் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் நாள் ராத்திரி சப்பாத்தி தேய்க்கும் மேடை கொஞ்சம் தள்ளி இருந்தால் நல்லது, மாவு பறந்து விழும். இலை எப்போதும் புது இலை, அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

இன்னொன்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அவளுக்கு ஐந்து வயதில் உங்கள் கையால் செய்த அசோகா அல்வா சாப்பிட்டது இன்னும் நினைவிருக்கிறது. திருவையாற்றுக்காரர்கள் செய்வதைவிட உங்களுடையது நன்றாக இருக்கும் என்று நானே பல இடத்தில் சொல்லியிருக்கிறேன். அதில் பாசிப்பருப்போடு நெய்யில் வறுத்த கோதுமை மாவு சேருகிறது. வீட்டில் அதற்குப் பதிலாகக் கடலை மாவு போட்டு இரண்டு முறை கிளறிப் பார்த்தோம். முதல் முறை கையில் ஒட்டியது, இரண்டாம் முறை களியாகிவிட்டது. அரிசி மாவு சேர்த்தால் வருமா, பருப்பை இன்னும் குழைய வேகவைக்க வேண்டுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு மண்டபத்துக்கு வந்துவிடுகிறேன். சின்ன உருளி ஒன்று, புதுக் கரண்டி இரண்டு, பாசிப்பருப்பு, நெய், அரிசி மாவு எல்லாம் கொண்டுவருகிறேன். சப்பாத்தி மாவு பிசையத் தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் ஓர் அடுப்பை எனக்குக் கொடுங்கள். பக்கத்தில் நின்று பதம் சொல்லுங்கள், நான் கிளறுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி,
திருத்துறைப்பூண்டிப் பக்கம்