பெருட்ஸின் பாதரசமும் உன் வகுப்பு ஹீமோகுளோபினும்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. ஹீமோகுளோபினின் வடிவத்தைக் கண்டுபிடித்த மாக்ஸ் பெருட்ஸைப் பற்றி வகுப்பில் பேசிவிட்டு அன்றைக்கே ஹீமோகுளோபின் செய்முறையும் வைக்கிறாய் என்றால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேச்சை நோபல் பரிசில் ஆரம்பிக்காதே, பாதரசத்தில் ஆரம்பி.

1937-இல் கேம்பிரிட்ஜில் குதிரை ஹீமோகுளோபின் படிகத்தை எடுத்துக்கொண்டவரை 1953 வரை தடுத்து நிறுத்தியது ஃபேஸ் சிக்கல். படிகத்தில் பட்டுச் சிதறும் எக்ஸ்ரே பதிக்கும் புள்ளிகளின் செறிவு தெரியும், ஃபேஸ் (அலை எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது என்பது) தெரியாது; இரண்டும் இருந்தால்தான் வடிவம் கிடைக்கும். எலெக்ட்ரான் அதிகமுள்ள கன அணுவைப் புரதத்தில் ஒட்டவைத்து, ஒட்டாத படிகத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கான அணுக்களுக்கு நடுவே 80 எலெக்ட்ரான் உள்ள பாதரசம் எங்கே தெரியப்போகிறது? பெருட்ஸ் படிகம் சிதறடிக்கும் கதிரின் முழு அளவை அளந்தார். மிகக் குறைவாக இருந்தது. புரத அணுக்கள் பரவிக் கிடப்பதால் அவற்றின் அலைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பாதரசத்தின் 80 எலெக்ட்ரான்களும் ஒரே இடத்தில் நின்று சேர்ந்தே சிதறடிக்கின்றன. எனக்கு அவர் வேலையிலேயே அழகான இடம் இதுதான். பாதரசம் ஏறிய பிறகும் ஆக்ஸிஜனைப் பிடிக்கும் விதம் பெரிதாக மாறவில்லை என்று ஆஸ்டின் ரிக்ஸ் காட்டியிருந்ததால் வடிவம் கெடவில்லை என்ற தெம்பும் இருந்தது. பாதரசம் ஒட்டுவது ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 93-ஆவது இடத்தில் இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில். 1959-இல் 5.5 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் மூலக்கூறின் வரைபடம் வந்தது.

அடுத்து உயிர்வேதியியலாளர் ஹாரோவிட்ஸைச் சொல். 1938-இல் ஆக்ஸிஜன் இல்லாத ஹீமோகுளோபினின் ஊதா நிறத் தட்டைப் படிகங்கள், ஆக்ஸிஜன் பட்டதும் கரைந்து சிவப்பு ஊசிகளாக மாறுவதை நுண்ணோக்கியில் பார்த்தவர் அவர். மூலக்கூறே உருமாறுகிறது என்று அர்த்தம். அதன் பொறிமுறையைப் பெருட்ஸ் 1970-இல் சொன்னார்: ஆக்ஸிஜன் ஒட்டினால் இரும்பு, தன்னைத் தாங்கும் தட்டையான ஹீம் வளையத்தின் தளத்துக்குள் நகர்ந்து, பக்கத்து ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தையும் இழுத்துப்போகிறது.

இனி செய்முறை. இ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாய் ரத்தத்தை 4 டிகிரி செல்சியஸில் சுழற்றி, பிளாஸ்மாவோடு மேலே நிற்கும் வெள்ளையணுப் படலத்தையும் எடுத்துவிடு. செல்களை 0.9 சதவீதக் குளிர்ந்த சலைனில் மூன்று முறை கழுவு. பிறகு குளிர்ந்த காய்ச்சி வடித்த நீரில் உடைத்து, டொலுவீன் சேர்த்துக் குலுக்கி, வேகமாகச் சுழற்று. செல் சவ்வு நடுவில் படலமாகப் பிரியும், அடியில் உள்ள தெளிந்த சிவப்புதான் உனக்கு வேண்டியது. ஆக்ஸிஜன் பிடிப்பை அளப்பதாக இருந்தால் 0.1 மோலார் உப்பில் செபடெக்ஸ் ஜி-25 (சின்ன மூலக்கூறுகளைப் பிரித்தெடுக்கும் ஜெல்) வழியாக இறக்கு. சிவப்பணுவில் இருக்கும் பிஸ்பாஸ்போகிளிசரேட் என்ற சின்ன மூலக்கூறு தங்கிவிட்டால் பிடிப்பு தளர்ந்தே தெரியும்.

ஒளி உறிஞ்சல் வரைபடத்தில், ஆக்ஸிஜன் ஏறிய ஆக்ஸி வடிவத்துக்கு 541, 577 நானோமீட்டரில் இரட்டை முகடு. ஆக்ஸிஜன் இல்லாத டீஆக்ஸிக்கு 555-இல் ஒன்றே. ஆக்ஸிஜனை வெளியேற்ற நைட்ரஜனைக் கரைசலின் மேற்பரப்பில் மட்டும் ஊது. உள்ளே குமிழி விட்டால் நுரைத்துப் புரதம் கெடும். ஆக்ஸிஜனை வேதிவினையால் நீக்கும் டைதயோனைட் உப்பு அவசரத்துக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் காற்றோடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாக்கும். மறுபடி காற்றுப் பட்டாலும் பழைய முகடுகள் முழுசாகத் திரும்பாது. மாணவர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

வரைபடத்தை அனுப்பு. 630 நானோமீட்டர் பக்கம் மேடு தெரிந்தால் மெட்-ஹீமோகுளோபின் (இரும்பு ஆக்ஸிஜனேற்றமடைந்து ஆக்ஸிஜனைப் பிடிக்க முடியாத வடிவம்) ஆகிவிட்டது என்று அர்த்தம், புது ரத்தத்தில் ஆரம்பி.

அன்புடன்,
ரவி