அந்த 24 லட்சத்துக்கும் ஒரு வரி: கட்சிக்காரர்களுக்குத் திறந்த மடல்

எங்கள் மாவட்டத்து இரண்டு அணிப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பாம்பன் டீக்கடையில் உங்கள் ஆட்கள் போட்ட சண்டையை மீன் கூடையோடு நின்று நானும் கேட்டேன். ஆழ்கடல் படகுக்கு மானியம் கொடுத்தது டெல்லியா சென்னையா என்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நின்றார்கள். 2017இல் ராமேஸ்வரத்திலேயே தொடங்கிவைத்த திட்டம், உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரு படகின் விலை 80 லட்சத்தில் 40 மத்திய அரசு, 16 மாநில அரசு. சரி, மிச்சம் 24? வங்கிக் கடன் 16, கைக்காசு 8. அதற்கு மட்டும் ஏன் யாரும் பேனர் வைக்கவில்லை?

அந்த 24 என் அண்ணன் வீட்டில் இருக்கிறது. மதினியின் நகை போய்த்தான் 8 லட்சம் சேர்ந்தது. பழைய விசைப்படகை ஒப்படைத்தால்தான் புதுப் படகு என்றார்கள், அதையும் கொடுத்தாயிற்று. வந்த படகுக்கு எங்கள் பக்கம் ஆழம் போதாது, சூரைக்குத் தூண்டில் போட்டுப் பழகிய ஆள் கிடையாது, டீசலும் ஐஸும் ஏற்றுவதற்குள் இன்னொரு கடன். இப்போது படகு கொச்சியில் கட்டிக் கிடக்கிறது, தவணை கேட்கிறவர் மட்டும் தவறாமல் வருகிறார். "அவர் கடலுக்குப் போயிருக்கார்" என்று மதினி கதவுக்குப் பின்னால் நின்று சொல்லிவிடுவார். ஒருநாள் தடைக்காலத்திலும் வாய்தவறி அதையே சொல்லிவிட்டார், பாவம். ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் இங்கே விசைப்படகு நகராது என்பது வந்தவருக்கும் தெரியும். சிரித்துவிட்டுப் போனாராம்.

நான் கேட்பது ஒன்றுதான். இந்தத் திட்டத்தில் நம் மாவட்டத்துக்கு எவ்வளவு வந்தது, எத்தனை படகு இறங்கியது, அதில் எத்தனை இன்று தொழிலுக்குப் போகிறது என்று ஜெட்டியில் ஒரு போர்டு வையுங்கள்.

2020இல் கொரோனாவுக்காக மத்திய அரசு 20 லட்சம் கோடி தருகிறது என்று டிவியில் சொன்னபோது என் மகன் சைபரை எண்ணித் தரையில் எழுதிப் பார்த்தான். பாதிக்கு மேல் கடன்தான் என்று அப்புறம் புரிந்தது. கடனில் இருக்கிறவனை இன்னும் வாங்கிக்கொள் என்பதற்குப் பெயர் ஊக்கமாம்! மறுவருஷம் மாநில அரசிடமிருந்து ரேஷன் கார்டுக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாய் வந்தது. ஒரு அணி அதை இலவசம் என்று கேலி செய்கிறது, இன்னொன்று சாதனை என்கிறது. அந்த 2,000 கைக்கு வந்த அன்று எங்கள் தெருக்கடையில் பழைய பாக்கி தீர்ந்ததைப் பார்த்தவள் நான், அதனால் மக்கள் கையில் காசு கொடுப்பதே தப்பு என்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. அதற்காகப் படகுத் திட்டமே வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவைமடியை விசைப்படகுகள் விடவேண்டும் என்று நாட்டுப்படகுக்காரர்கள் எத்தனை வருஷமாகக் கத்துகிறார்கள், அதற்குத்தானே இந்தத் திட்டமே.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். அடுத்த கூட்டத்து மைக் செட் வாடகையிலேயே அந்தப் போர்டை அடித்துவிடலாம். இரண்டு பக்கமும் உங்கள் கொடிகளை வரைந்துகொள்ளுங்கள், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. நடுவில் அந்த 24 லட்சத்துக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
பாம்பனில் மீன் விற்கிற ஒரு பெண்