மார்கழியில் முட்டை வேண்டுமென்றால் வைகாசியில் குஞ்சு வாங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை பிறந்ததும் முட்டை விலை ஏறிய செய்தி வருகிறது. அதைப் படித்துவிட்டு வீட்டில் பத்துக் கோழி வளர்க்கலாமே என்று பலர் குஞ்சு வாங்கக் கிளம்புகிறார்கள். நாட்டுக்கோழி முதல் முட்டை இட ஏறத்தாழ 24 வாரம் ஆகும். கார்த்திகையில் வாங்கிய குஞ்சு, மழையையும் பனியையும் தாண்டிப் பிழைத்தால்கூட, கத்திரி வெயிலில்தான் முட்டைக்கு வரும். வெயிலில் கோழி தீவனம் எடுக்காது; முட்டை சிறுத்து, ஓடும் மெலிந்துபோகும்.

குஞ்சு வாங்க ஏற்ற மாதங்கள் வைகாசிக் கடைசியும் ஆனியும்தான். அப்போது வாங்கிய பெட்டைகள் கார்த்திகை, மார்கழியில் முட்டைக்கு வந்துவிடும். வயதான கோழிகள் புரட்டாசி, ஐப்பசியில் இறகு உதிர்த்து இரண்டு மூன்று மாதம் முட்டையை நிறுத்திவிடும். முதல் ஆண்டுப் பெட்டைகள் பெரும்பாலும் அப்படி உதிர்ப்பதில்லை. அதனால் விலை ஏறும் மாதங்களில் வீட்டுக்கு முட்டை தருபவை இவைதான். ஆனியில் வந்த குஞ்சுக்கு 8 வாரத் தடுப்பூசியும் மழைக்கு முன்பே முடிந்துவிடும்.

இறகு உதிர்க்கும் கோழியை நோய்க்கோழி என்று நினைத்து விற்றுவிடுகிறார்கள். கொண்டை வெளுத்து, கழுத்தும் வாலும் மொட்டையாகத் தெரிந்தாலும் தீவனம் எடுத்துத் துறுதுறுவென்று இருந்தால் அது நோயல்ல. இறகு முழுக்கப் புரதம் என்பதால் அந்த நாட்களில் தானியம் மட்டும் போட்டால் மீண்டு வர நாளாகும். உப்பில்லாத கருவாட்டுத் தூள், கடலைப் பிண்ணாக்கு, தண்ணீரில் வளரும் அசோலா பாசி என்று எது கையில் இருக்கிறதோ அதைச் சேர்க்க வேண்டும். கரையான் இன்னும் நல்லது. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் போட்டு நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறைய கரையான் இருக்கும். விடிந்ததும் எடுத்துக் கொட்டிவிட வேண்டும். வெயில் ஏறினால் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

மழைக்காலத்தில் பிண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் முகர்ந்து பார்க்காமல் போடக் கூடாது. பூஞ்சை பிடித்த தீவனத்தில் உண்டாகும் நச்சு ஈரலைக் கெடுக்கும். பூஞ்சையைத் தட்டிவிட்டு வெயிலில் காய வைத்தாலும் அந்த நச்சு போகாது. மூட்டையைத் தரையில் சாய்க்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். மேயும் கோழிக்கு மாலையில் 50 கிராம் தீவனம் போதும். மழையால் நாள் முழுக்க அடைத்திருந்தால் 100 கிராமுக்கு மேல் கேட்கும். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் முட்டைக்கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடக் கூடாது. அதில் உள்ள சுண்ணாம்புச்சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

வளர்ந்த கோழிக்கு நம் ஊர்க் குளிர் ஒரு பொருட்டே அல்ல. ஊட்டி, கொடைக்கானலில் உறைபனி விழும் இரவில்கூட, காய்ந்த இடமும் ஏறி உட்காரக் கட்டையும் இருந்தால் இறகைச் சிலிர்த்துச் சமாளித்துக்கொள்ளும். கோழியைக் கொல்வது ஈரமும் புழுக்கமும்தான். குளிர் என்று கூண்டைத் தார்ப்பாயால் முழுக்க மூடினால், எச்சத்திலிருந்து எழும் அமோனியா வெளியேற வழியில்லாமல் கண்ணில் நீர் வடியும். பிறகு சளி, குறட்டை, முக வீக்கம் என்று தொடரும். காலையில் கூண்டைத் திறந்ததும் நெடி நம் கண்ணில் எரிந்தால் கோழிக்கு இரவெல்லாம் அந்த எரிச்சல் இருந்திருக்கிறது என்று பொருள். கோழி உட்காரும் உயரம் வரை சாக்கால் மறைத்து, கூரைக்குக் கீழே ஓர் அடி திறந்திருக்க வேண்டும். கோழிக்கு 2 சதுர அடி வீதம் இடம் விட்டு, தரையை மண்மட்டத்திலிருந்து ஓர் அடியாவது உயர்த்த வேண்டும். கூரைத் தாழ்வாரம் 3 அடி நீண்டிருந்தால் சாரல் உள்ளே வராது.

தரையில் 3 அங்குலம் உமி பரப்பி வாரம் இருமுறை கிளறிவிட வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாகவே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. அன்றே அந்த இடத்தை அள்ளிப் போட்டுவிட்டு, சுண்ணாம்புத் தூள் கலந்த புது உமி பரப்ப வேண்டும். குஞ்சுகளுக்கு வரும் ரத்தக்கழிச்சல் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஈர உமியிலிருந்துதான் தொடங்குகிறது.

மார்கழியில் நம் பகுதியில் பகல் வெளிச்சம் பதினொன்றரை மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. கிராமப்பிரியா போன்ற முட்டை இனங்களுக்கு 14 மணி நேரமாவது வேண்டும். கூண்டில் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று போதும். அதை மாலையில் நீட்டிப்பதைவிட அதிகாலையில் போடுவது நல்லது. மாலையில் பல்பு சட்டென்று அணைந்தால் கட்டையில் ஏறாத கோழி இருட்டில் தடுமாறும். வாரம் அரை மணி நேரமாகக் கூட்டுங்கள். 18 வாரத்துக்கு உட்பட்ட பெட்டைகளுக்கு வெளிச்சத்தைக் கூட்டக் கூடாது. உடம்பு தேறுவதற்கு முன் முட்டைக்கு வந்து, ஆசனவாய் பிதுங்கிச் சாகும். அடை காக்கும் சிறுவிடை என்ற சிறிய நாட்டுக்கோழிக்கு இதனால் பெரிய பலன் இல்லை.

குளிர் மாதத்தில் குஞ்சு வளர்த்தே ஆக வேண்டும் என்றால் தாய்க்கோழியைவிடச் சிறந்த வழி கிடையாது. வழக்கமாக 12 முட்டை அடை வைக்கும் கோழிக்கு மார்கழியில் 9 போதும். உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முட்டை குளிர்ந்து, முறைமாறி உள்ளே போக, நல்ல முட்டைகளும் ஒவ்வொன்றாகக் கெடும். 7 நாளுக்கு மேல் பழைய முட்டையை அடைக்கு எடுக்கக் கூடாது.

வாங்கிய குஞ்சு என்றால் மின்விளக்கு அடைகாப்பான் வேண்டும். 25 குஞ்சுக்கு 3 அடி விட்டம், ஒன்றரை அடி உயரத்தில் அட்டையோ தகரமோ வளைத்து, நடுவில் 60 வாட் குண்டு பல்பு தொங்கவிட வேண்டும். எல்.இ.டி. பல்பில் வெளிச்சம் உண்டே தவிரச் சூடு கிடையாது. இது தெரியாமல் ஒரே இரவில் மொத்தக் குஞ்சையும் இழப்பவர்கள் உண்டு. முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரம் 5 டிகிரி குறைக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முண்டினால் குளிர். ஓரத்தில் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. மின்சாரம் போனால் கரி அடுப்பை உள்ளே வைக்காதீர்கள். புகை கண்ணுக்குத் தெரியாமலே குஞ்சைக் கொல்லும். வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைச் சாக்கில் சுற்றி வைத்தால் இரண்டு மணி நேரம் தாங்கும்.

சைக்கிளிலும் வண்டியிலும் வரும் சிவப்பு, பச்சைச் சாயம் போட்ட குஞ்சுகளை முட்டைக்காக வாங்க வேண்டாம். பொரிப்பகங்களில் கழித்துக்கட்டும் முட்டை இனச் சேவல் குஞ்சுகள் அவை. அவற்றில் பெட்டை கிடைப்பதே அரிது. தடுப்பூசியும் பெரும்பாலும் போட்டிருக்காது.

தடுப்பூசியில்தான் வீட்டுக்கோழி வளர்ப்பவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். கோழிக்கழிச்சல் என்றும் சொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு 7ஆம் நாள் கண்ணில் ஒரு சொட்டு மருந்து, 4ஆம் வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, 8ஆம் வாரம் இறக்கைத் தோலுக்கடியில் அரை மில்லி ஆர்.டி.வி.கே. என்ற தடுப்பூசி என்பது வழக்கமான முறை. அம்மைத் தடுப்பூசியைக் கொசு பெருகும் மழைக்கு முன் போட வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஒரு குப்பியில் 100 கோழிக்கான மருந்து இருக்கும். கரைத்த பின் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பத்துக் கோழிக்காக ஒரு குப்பி எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். தெருவில் பத்து வீடு சேர்ந்து ஒரே நாளில் குஞ்சு வாங்கினால் ஒரு குப்பி எல்லோருக்கும் ஆகும். பனிக்கட்டி போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவந்து, விடியற்காலையில் போட வேண்டும். சின்ன வெங்காயமும் சீரகமும் கீழாநெல்லியும் அரைத்துக் கொடுப்பதில் தவறில்லை. தடுப்பூசிக்கு அது ஈடாகாது.

புதுப் பெட்டைகளை மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே பழைய கூட்டத்தோடு சேர்க்க வேண்டும்.

கால்நடை பராமரிப்புத் துறைக்கு இரண்டு வேண்டுகோள். கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் பிப்ரவரியில் நடக்கிறது. கோடைக்கு முன் அது தேவைதான். ஆனால் ஆனியில் வாங்கும் குஞ்சுகளுக்கு 8 வாரம் ஆகும்போது அந்த முகாம் இருப்பதில்லை. ஆவணிக் கடைசியில் ஒரு முகாம் கூடுதலாக வேண்டும். மானியத்தில் கொடுக்கும் குஞ்சுகளையும் மழை மாதங்களில் கொடுக்காமல் ஆனிக்குள் கொடுத்து முடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
நாட்டுக்கோழி வளர்க்கும் வாசகர்,
திருச்செங்கோடு.